ஹூஸ்டனில் பார்பிக்யூ: எந்தக் கடை, எந்தத் துண்டு?

கேள்வி (பிப்ரவரி 8, 2025)

போன மாதம்தான் டல்லாஸிலிருந்து ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பக்கம் குடிவந்தோம். ஏப்ரலில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். ஹூஸ்டனில் பார்பிக்யூவுக்கு நல்ல கடை எது? ஒரே ஒரு பெயர் போதும், பட்டியல் வேண்டாம். அப்பா எதுவும் சாப்பிடுவார். அம்மா மாட்டுக்கறி தொட மாட்டார்.

பிப்ரவரி 8, இரவு

ட்ரூத். வாஷிங்டன் அவென்யூ பக்கம். டெக்சஸ் மந்த்லி பத்திரிகையின் 2021 பார்பிக்யூ பட்டியலில் மாநிலத்திலேயே மூன்றாம் இடம். அந்தப் பட்டியல் நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும் என்பதால் அதற்கு இங்கே கிட்டத்தட்ட தேர்தல் முடிவு மாதிரி மரியாதை. கதை முடிந்தது.

பிப்ரவரி 9

முடியவில்லை. காலையில் காப்பி குடிக்கும்போது உறுத்தியது. நீங்கள் இருப்பது கேட்டியில். ஹூஸ்டனில் 'பக்கத்துக் கடை' என்பதே நாற்பது நிமிஷம். பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன், ட்ரூத்துக்குப் போனது நாலு தடவை. வீட்டுப் பக்கத்தில் இருக்கிற கடைகளுக்குப் போனதற்குக் கணக்கே இல்லை. அப்படியானால் எது என் 'நல்ல கடை'?

அதனால் திசை வாரியாகச் சொல்கிறேன். பட்டியல் வேண்டாம் என்றீர்கள், மன்னிக்கவும்.

வடக்கே ஸ்பிரிங்கில் கார்க்ஸ்க்ரூ. கணவன் மனைவி நடத்தும் கடை. 2024 நவம்பரில் மிஷலின் உணவக வழிகாட்டி முதல்முறை டெக்சஸுக்கு வந்தபோது நான்கே பார்பிக்யூ கடைகளுக்கு நட்சத்திரம் தந்தார்கள். மூன்று ஆஸ்டினில், மிச்சம் ஒன்று இது. தெற்கே பியர்லாந்தில் கில்லன்ஸ், 2014இலிருந்து. இதில் நம் ஆட்களுக்கு ஒரு சங்கடம்: மீனாட்சி கோயிலும் பியர்லாந்தில்தான். அர்ச்சனை முடித்து, நெற்றியில் குங்குமத்தோடு கில்லன்ஸ் வரிசையில் நிற்கும் தமிழர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களும் என்னைப் பார்த்திருக்கிறார்கள். இருவரும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வோம்.

ஏர்லைன் டிரைவில் பிங்கர்டன்ஸ். அங்கே வாத்துக்கறியும் சாஸேஜும் போட்ட ஜம்பலாயா உண்டு. லூசியானாக்காரர்களின் பிரியாணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிர்பி டிரைவில் குட் கம்பெனி, 1977இலிருந்து இருக்கிறது. கறியைவிட அங்கே பீக்கான் பை என்ற கொட்டை போட்ட இனிப்புதான் எனக்கு நினைவில் நிற்கிறது.

பிப்ரவரி 9, இரண்டாவது தடவை

கேட்டதில் பாதிக்குப் பதிலே சொல்லவில்லை, அம்மாவை மறந்துவிட்டேன். நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 12

நாளை என்றது புதன்கிழமை ஆகிவிட்டது.

மாட்டுக்கறி தொடாதவர்களுக்கு டெக்சஸ் பார்பிக்யூ கடையில் நம்பிப் போகக்கூடியது வான்கோழி நெஞ்சுக்கறி. வான்கோழி என்றதும் மூக்கைச் சுளிக்காதீர்கள். நன்றி நவிலல் நாளுக்கு ஆபீஸில் வைப்பார்களே, தொண்டையில் சிக்கும் பஞ்சு, அது வேறு. இங்கே எலும்பில்லாத நெஞ்சுப்பகுதியை மிளகும் உப்பும் தடவி, புகையில் வைத்து, பாதியில் வெண்ணெயோடு பொதிந்துவிடுவார்கள். வெட்டும்போது நீர் வடியும். வரிசையில் நிற்கும் உள்ளூர்க்காரர்கள் மாட்டுக்கறி வாங்க வந்து, ரகசியமாக வான்கோழி கால் பவுண்டு சேர்த்து வாங்குவதைக் கவனியுங்கள்.

பக்கவாட்டு ஐட்டங்களில்தான் ஆபத்து. பீன்ஸில் பெரும்பாலும் மாட்டுக்கறித் துணுக்குகள் கிடக்கும், கேட்காமல் வாங்காதீர்கள். கொல்லார்டு கீரையைப் பன்றியோடோ புகைபோட்ட வான்கோழியோடோ வேக வைப்பார்கள். உருளைப் பொரியலைச் சில கடைகளில் மாட்டுக்கொழுப்பில் பொரிக்கிறார்கள். சாஸேஜ் பல இடங்களில் மாடும் பன்றியும் கலந்தது. உருளை சாலட், கோல்ஸ்லா, மாக்கரோனி சீஸ் பெரும்பாலும் பிழைத்துப் போகும். கோழியும் பன்றி விலாவும் அம்மாவுக்குச் சம்மதம் என்றால் தாராளமாக வாங்கலாம்.

இன்னொன்று. வெட்டும் பலகை ஒன்றே. முதலில் வான்கோழியை வேறு கத்தியால், புதுக் காகிதம் விரித்து வெட்டித்தரச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டு எங்கும் யாரும் முகம் சுளித்ததில்லை. ஹலால், கோஷர், நம்ம ஊர், எல்லாரும் கேட்டுக் கேட்டு அவர்களுக்குப் பழகிவிட்டது.

பிப்ரவரி 13

ஒருவர் தனியாக எழுதியிருக்கிறார்: 'கொரியன் பார்பிக்யூ ஏன் இல்லை? ஸ்பிரிங் பிராஞ்ச் லாங் பாயிண்ட் சாலை முழுக்க இருக்கிறதே.'

இருக்கிறது, நானும் போவேன். ஆனால் அது வாட்டுவது: தீ, தணல், மெல்லிய துண்டு, ஐந்து நிமிஷம். இங்கே பேசுவது மூட்டம் போடுவது, மெதுவாகப் புகையில் வேகவைப்பது. இந்த வார்த்தை என்னுடையது அல்ல, என் மாமனாருடையது. அந்தக் கதை பிறகு.

பிப்ரவரி 17

துண்டைப் பற்றி. கடையைவிட இதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

பிரிஸ்கெட் என்பது மாட்டின் மார்கண்டம். நின்றுகொண்டே இருக்கும் மிருகத்தின் முன்பாரத்தைத் தாங்கும் சதை, அதனால் நார். சாதாரணமாகச் சமைத்தால் செருப்பு. 110, 120 டிகிரி செல்சியஸ் புகையில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் அந்த நாரில் உள்ள கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆகும். ஆட்டுக்கால் பாயா ஆறினால் கட்டியாகிறதே, அதே சங்கதி. நடுவில் 65, 70 டிகிரியில் கறியின் சூடு ஏறாமல் மணிக்கணக்கில் அடம்பிடிக்கும். கறி வியர்க்கிறது, வியர்வை ஆவியாகிச் சூட்டைக் கொண்டுபோகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படி. அந்த நேரத்தில்தான் காகிதத்தில் பொதிவார்கள். 95 டிகிரி வாக்கில் இறக்கி, பிறகு மிதமான சூட்டில் இன்னொரு எட்டுப் பத்து மணி நேரம் உறங்க விடுவார்கள். ஆக, காலை 11 மணிக்கு உங்கள் தட்டில் விழுவது பல கடைகளில் முந்தின நாள் ஏற்றியது.

ஒரே மார்கண்டத்தில் இரண்டு தசை. மேலே கொழுப்போடு இருப்பது பாயிண்ட். கீழே மெலிந்தது ஃப்ளாட். கவுண்டரில் 'மாய்ஸ்டா, லீனா?' என்று கேட்பார்கள். மாய்ஸ்ட் என்றால் பாயிண்ட், லீன் என்றால் ஃப்ளாட். நம்மவர்கள் உடனே 'லீன்' என்பார்கள், டாக்டர் பின்னால் நிற்கிற மாதிரி. தயவுசெய்து மாய்ஸ்ட் கேளுங்கள். கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், ஆனால் அதைச் சாப்பிடுங்கள். லீன் நன்றாக வந்தால் அந்தச் சமையல்காரர் கெட்டிக்காரர். ஆனால் அவரைச் சோதிப்பது உங்கள் வேலை அல்ல, பசி உங்கள் வேலை.

ஒரு துண்டை விரலின் மேல் போட்டால் இரு பக்கமும் தொங்க வேண்டும், ஒடியக் கூடாது. இழுத்தால் லேசாக எதிர்ப்புக் காட்டிப் பிரிய வேண்டும். தானாக உதிர்ந்தால் அதிகம் வெந்துவிட்டது. 'வாயில் வைத்தால் கரைகிறது' என்று யாராவது புகழ்ந்தால் நான் அந்தக் கடைக்குப் போவதில்லை.

பிப்ரவரி 18

நேற்றைய வீராப்புக்குப் பரிகாரம்: போன அக்டோபரில், பெயர் வேண்டாம், பேர்போன ஒரு கடையில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போது மாய்ஸ்ட் தீர்ந்தது. லீன் வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து தேங்காய்ப்பால் ஊற்றிக் குழம்பு வைத்தோம். கடையில் போட்ட துண்டைவிட நன்றாக இருந்தது என்று மனைவி இன்னும் சொல்கிறாள்.

சனி ஞாயிறு ஒரு மணிக்கு மேல் எந்தப் பெரிய கடைக்கும் போகாதீர்கள். வியாழக்கிழமை 11.15, அதுதான் முகூர்த்தம்.

மார்ச் 1

ஹூஸ்டனில் வருஷாவருஷம் நடக்கும் ரோடியோ திருவிழாவின் பார்பிக்யூ போட்டிக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். அது நடக்கும் என்ஆர்ஜி பார்க் வாசலில் இருந்தே கண் எரியும். 1974இல் தொடங்கியது. இருநூற்றுக்கும் மேற்பட்ட அணிகள், ஆளுக்கொரு கூடாரம். அணிகள் கறியை விற்பதில்லை, அழைப்பு இருந்தால்தான் கூடாரத்துக்குள்ளே. தெரிந்தவர் இல்லாவிட்டால் கல்யாண மண்டபத்துக்கு வெளியே நின்று பந்தி வாசனை பிடித்த மாதிரிதான். எனக்கு ஆபீஸ் புண்ணியத்தில் ஒரு கூடாரம் கிடைத்தது. கறி சுமார், பாட்டு பிரமாதம். ஊருக்கு வருகிறவர்களை அழைத்துப்போக இது இடம் அல்ல.

மார்ச் 6

என் பட்டியலைப் பற்றி ஒரு திட்டு வாங்கினேன். நேரில்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் கிழக்கு டெக்சஸில் உள்ள பியூமாண்ட்காரர். சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கறுப்பினத்தவர். நான் எழுதியதை அவருக்கு வாசித்து மொழிபெயர்த்தேன், பெருமையாக. கடைசிவரை கேட்டுவிட்டு, 'நீ சொன்னதெல்லாம் ஆஸ்டின் பக்கத்துக் கறி. ஹூஸ்டன் கறி எங்கே?' என்றார்.

யோசித்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. நான் எழுதியதில் முக்கால்வாசி நடு டெக்சஸ் முறை: ஜெர்மானிய, செக் கசாப்புக்கடை வழி வந்தது. ஓக் விறகு, உப்பு மிளகு, காகிதத்தில் கறி, சாஸ் கேட்டால் ஒரு பார்வை. பெரும்பாலும் கடந்த பதினைந்து வருஷத்தில் இந்த ஊருக்கு வந்தது. அதற்கு முன்னால் இங்கே வேரூன்றியிருந்தது கிழக்கு டெக்சஸ் முறை. அடிமைத்தளையிலிருந்து மீண்ட கறுப்பின மக்கள் வளர்த்தது. ஹிக்கரி விறகு, சாஸில் ஊறிய கறி, கொத்தி ரொட்டிக்குள் வைத்தது, காரமான பூண்டு மணக்கும் 'லிங்க்ஸ்' என்ற சாஸேஜ். லிங்க்ஸைக் கடித்தால் மிளகாய் சிவப்பில் எண்ணெய் வழியும். நம் நாக்குக்கு இதுதான் உறவு! உப்பு மிளகைவிட.

அவர் அனுப்பிய இடம் பர்ன்ஸ் ஒரிஜினல், ஏக்கர்ஸ் ஹோம்ஸ் பகுதி, 1973இலிருந்து. ஒரு பெரிய உருளைக்கிழங்கைச் சுட்டுப் பிளந்து அதன் மேல் கொத்துக்கறியைக் குவித்துத் தருவார்கள். இரண்டு பேர் சாப்பிடலாம். நான் ஒருவனே சாப்பிட்டேன்.

பிப்ரவரி 8ஆம் தேதி பதிலை அழிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும், என் அவசரத்துக்குச் சாட்சி.

மார்ச் 7

எல்லா பிரிஸ்கெட்டிலும் ஓரத்தில் வரும் இளஞ்சிவப்பு வளையம்தான் தரத்துக்கு அடையாளம் என்று ஒருவர் படத்தோடு எழுதியிருக்கிறார். இல்லை. விறகுப் புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கறியின் மயோகுளோபினோடு சேர்ந்து நிறத்தைப் பிடித்துவைக்கின்றன, அவ்வளவுதான். சுவை அதில் இல்லை. மேலே கறுப்பாக இருக்கிறதே, அந்தத் தோலில் இருக்கிறது. அதைக் கருகல் என்று நினைத்து ஓரத்தில் ஒதுக்கிவைத்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் தட்டிலிருந்து எடுத்து நான் சாப்பிட்டேன்.

மார்ச் 15

மாமனார் கதை.

போன ஜூலையில் சின்னமனூரிலிருந்து வந்திருந்தார். வாழை விவசாயி. இங்கிலீஷில் 'தாங்க்யூ' மட்டும். ஜூலை 8, பெரில் புயல். ஹூஸ்டன் வட்டாரத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. எங்கள் தெருவில் ஐந்து நாள். இரண்டாம் நாளே எல்லார் வீட்டு ஃப்ரீஸரும் கசிய ஆரம்பித்தது. மேலே சொன்ன பெரியவர் வீட்டின் பின்னால் பழைய எண்ணெய்க் குழாயை வெட்டி ஒட்டிய அடுப்பு ஒன்று உண்டு. ஓரத்துப் பெட்டியில் விறகு எரியும், புகை மட்டும் கறி இருக்கும் பக்கம் போகும். அதற்குக் கரண்ட் வேண்டாம். தெருவே அவரிடம் கறியைக் கொண்டுபோய்க் கொடுத்தது. வியட்நாம்காரர் வீட்டுப் பன்றி, மெக்சிகோக்காரர் வீட்டுக் கோழி, எங்கள் வீட்டு ஆட்டுத்தொடை.

மாமனார் அந்த அடுப்பைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். குனிந்து புகை போகும் வழியைப் பார்த்தார். 'இது சுடறது இல்ல மாப்ள, மூட்டம்' என்றார். ஊரில் வாழைத்தாரைக் குழியில் அடுக்கி, மூடி, புகை ஊதிப் பழுக்க வைப்பார்களே, அது. 'தீ கண்ணுக்குத் தெரியக் கூடாது, புகை வெள்ளையா குமுறக் கூடாது, சும்மா மெல்லிசா ஓடணும்' என்றார். நான் மொழிபெயர்த்தேன். பெரியவர் எழுந்து நின்று கைகொடுத்தார். வெள்ளைப் புகை கறியைக் கசப்பாக்கும், மெல்லிய நீலப்புகை வேண்டும் என்பது இங்கே பாலபாடம். நான் பத்து வருஷம் தின்று தெரிந்துகொள்ளாததை அவர் பார்த்தே சொன்னார்.

அன்றைக்குப் பிறகு தினமும் சாயங்காலம் இருவரும் அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது.

மார்ச் 16

ஆட்டுத்தொடை எப்படி இருந்தது என்று நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். உப்பு குறைவு. மற்றபடி உப்புக்கண்டத்தைத் தணலில் போட்டால் வரும் மணம் இருக்கிறதே, அது.

ஏப்ரல் 3

விலை பற்றிப் புலம்பல்கள். நியாயம். பல கடைகளில் பிரிஸ்கெட் பவுண்டு 30 டாலரைத் தாண்டிவிட்டது. கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் இரண்டு கணக்கு. பச்சைக் கறியில் கொழுப்பைச் செதுக்கி, பன்னிரண்டு மணி நேரம் வியர்த்து முடிந்தால், வாங்கிய எடையில் பாதிதான் மிஞ்சும். அடுத்தது, வறட்சியால் அமெரிக்க மாட்டு மந்தை சுருங்கிக்கொண்டே வருகிறது. 2025 ஜனவரிக் கணக்கில் 8 கோடியே 67 லட்சம், 1951க்குப் பிறகு அதுவரை இல்லாத குறைவு. நாலு பேர் போனால் ஆளுக்குக் கால் பவுண்டு மாய்ஸ்ட், பொதுவில் அரை பவுண்டு வான்கோழி, லிங்க்ஸ் இரண்டு. ரொட்டி, வெங்காயம், ஊறுகாய் சும்மா தருவார்கள். பல கடைகளில் விலாவை எண்ணிக் கேட்கலாம், பவுண்டில் கேட்காதீர்கள்.

ஏப்ரல் 20

கேள்வி கேட்டவர் அப்பா அம்மாவோடு போய்வந்திருக்கிறார். நான் சொன்ன எந்தக் கடைக்கும் இல்லை! பெல்லேரில் உள்ள பிளட் பிரதர்ஸுக்கு. ஹூஸ்டனின் அலீஃப் பகுதியில் ஒன்றாக வளர்ந்த மூன்று நண்பர்கள் கடை, இருவர் அண்ணன் தம்பி. சீன, வியட்நாமிய வழி வந்தவர்கள். கறி டெக்சஸ் முறையில் வேகிறது, பிறகு வீட்டு ருசி மேலே ஏறுகிறது: கொச்சுஜாங் என்ற கொரிய மிளகாய் விழுது தடவிய மாட்டு வயிற்றுப்பகுதி, பிரிஸ்கெட் போட்ட ஃப்ரைடு ரைஸ். அம்மாவுக்கு வான்கோழி. அப்பா பாயிண்ட் துண்டைச் சாப்பிட்டுவிட்டு, 'சோறு இருக்கா?' என்று கேட்டாராம். இருந்தது. ஹூஸ்டனில் மட்டும் நடக்கிற காரியம்.

இதை நான் ஏன் முதலில் சொல்லவில்லை? 'இது கலப்பு, அசல் அல்ல' என்று எனக்குள் ஒரு மூலை நினைத்திருக்கிறது. ஜெர்மன்காரர் செய்தால் பாரம்பரியம், அலீஃப் பையன் செய்தால் கலப்பா? ஹில்கிராஃப்ட் பக்கம் ஹிமாலயா ஓட்டலில் பாகிஸ்தானி முறையில் 'ஹண்டர் பீஃப்' என்று ஒன்று கிடைக்கிறது. மசாலாவில் நாள்கணக்கில் ஊறவைத்த மாட்டுக்கறி, கடுகோடு தருவார்கள். அதையும் பார்பிக்யூ ஆட்கள் தேடிப் போகிறார்கள். பேட்டன் தெரு ஜெரார்டோஸில் வார இறுதியில் பார்பக்கோவா, மாட்டுத் தலைக்கறி. பார்பிக்யூ என்ற சொல்லே அந்தப் பார்பக்கோவா வழி வந்ததுதான். தலைக்கறிப் பிரியர்கள் காலையிலேயே போங்கள்.

மே 30

புது டெக்சஸ் மந்த்லி பட்டியல் வந்துவிட்டது. முதலிடம் செகினில் உள்ள பர்ன்ட் பீன். ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே இரண்டரை மணி நேரம். போகலாமா என்று மூன்று பேர் கேட்கிறார்கள். நான் வண்டி ஓட்ட மாட்டேன், பின் ஸீட்டில் உட்கார்ந்து வருவேன், திரும்பும்போது தூங்குவேன். சம்மதம் என்றால் சொல்லுங்கள்.

ஜூன் 19

இன்று ஜூன்டீன்த். 1865இல் இதே நாள், இங்கிருந்து ஐம்பது மைல் தள்ளி கால்வெஸ்டனில்தான் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்தார்கள். அந்த நாளைக் கொண்டாட இடம் வேண்டுமென்று ஹூஸ்டன் கறுப்பின மக்கள் 1872இல் காசு சேர்த்து வாங்கிய பத்து ஏக்கர்தான் தேர்டு வார்டில் இருக்கும் இமான்சிபேஷன் பார்க். கொண்டாட்டம் என்றால் அன்றும் மூட்டம் போட்ட கறி, சிவப்பு நிறக் குடிபானம். பெரியவர் விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டியிருக்கிறார். என் படுக்கையறை வரை மணம்.

ஜூன் 21

பெரியவரின் பேரன் இந்த இழை முழுவதையும் போனில் மொழிபெயர்த்து அவருக்குக் காட்டிவிட்டான். இன்று காலை வேலிக்கு மேலே தலையை நீட்டி, 'இத்தனை கடை எழுதியிருக்கிறாயே, என் பெயர் எங்கே?' என்றார். முகவரி கேட்டு யாரும் எழுதாதீர்கள். சனிக்கிழமை அவர் ஏற்றுவது ஒரே ஒரு மார்கண்டம்தான். அதில் பாயிண்ட் பக்கம் எனக்கு.